தாளின் அடியில் யார் பெயர்?

சென்ற கோடை விடுமுறையில் நான் செய்த ஒரு பிழையினால், குற்றம் ஒன்றும் செய்யாத ஒரு மனிதர் இரண்டு நாள் வேலைக்கு வராமல் வீட்டில் முடங்கிக் கிடக்க நேர்ந்தது. பிழை மிகச் சிறியது. "இந்த அறிக்கையை இப்போது திறந்திருப்பவர் யார்?" என்னும் கேள்வியை, கேட்க வேண்டிய இடத்தில் கேளாமல் வேறோர் இடத்தில் கேட்டுவிட்டேன். அவ்வளவே. அதை யாரிடம் கேட்பது, வருகிற விடையை எவ்வளவு தூரம் நம்புவது என்பதைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன். நம் சங்கத்து நண்பர்களிற் பலர் படிப்பு முடிந்ததும் டெக்னோபார்க்குக்கோ, வங்கிக்கோ, சாலைக் கடைத்தெருவின் கணக்கறைகளுக்கோ போகப் போகிறவர்கள். எங்கே போனாலும் "ஒரு ரிப்போர்ட் போட்டுக் கொடு, தம்பி" என்ற குரல் காதில் விழாமல் இராது.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடிக் கரமனைக்கு வந்தவர். நான் இப்போது காரியவட்டத்தில் புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். விடுமுறையில் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று, கரமனைப் பாலத்துக்கு அண்மையில் உள்ள ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டா. அங்கே பதினொரு பேர் கணிப்பொறியில் வேலை செய்கிறார்கள். அவர்களில் மூத்தவர் நாகர்கோவில்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. பேரேட்டில் கணக்கு எழுதிய காலத்திலிருந்து இருப்பவர். கணிப்பொறி வந்தபோது முதலில் அதன் முன்னே உட்கார்ந்தவரும் அவரே. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாகப் பாக்கி என்று காட்டும் அறிக்கை ஒன்று அங்கே உண்டு. வியாபாரத்தில் அதைவிட இரகசியமான தாள் வேறு இல்லை. அந்தத் தாள்கள் மேசைமேலும் ஜன்னலோரத்திலும் கிடப்பதைப் பார்த்துவிட்டு முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "யார் எடுத்த தாள் என்று அதன் அடியிலேயே அச்சாகிவிட வேண்டும், முடியுமா?" என்றார். முடியும் என்றேன். அன்று மாலையே செய்தும் முடித்தேன். அண்ணாச்சியின் மேசையில் வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயர் பளிச்சென்று வந்தது. "பரவாயில்லையே தம்பி, என் பேரும் அச்சிலே ஏறிட்டுதே" என்று அவர் சிரித்தார். நானும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

மூன்று வாரம் சென்றது. அந்தப் பாக்கித் தாள்களில் ஒன்று போட்டிக் கடைக்காரர் ஒருவர் கையில் இருந்ததாக முதலாளிக்குச் செய்தி வந்தது, தாளும் வந்தது. அடியில் அண்ணாச்சியின் பெயர். முதலாளி கத்தவில்லை. "உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னார். "அந்தத் தாளை நான் கண்ணாலும் காணவில்லை" என்று அண்ணாச்சி சொன்னார். அச்சிட்ட எழுத்தின் முன்னே வாய்ச்சொல் எடுபடுமா? அவர் தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் வேலையாக வேறொரு மேசையில் உட்கார்ந்து, வேறொருவர் பெயரில் நுழைந்து, அதே அறிக்கையைத் திறந்தேன். அடியில் அண்ணாச்சியின் பெயர்! அடுத்த மேசையிலும் அண்ணாச்சி. முதலாளியின் அறையிலிருந்து திறந்தாலும் அண்ணாச்சி. மூன்று வாரமாக அந்த ஆபீஸில் யார் எந்தத் தாளை எடுத்தாலும் அவர் பெயரையே அச்சிட்டுக் கொண்டிருந்திருக்கிறேன். 'தயாரித்தவர்' என்று நான் போட்ட தலைப்பு வேறு குழப்பத்தை வளர்த்துவிட்டது. அறிக்கையை அமைத்தவர் அண்ணாச்சி போலும் என்று எண்ணி மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

இது எப்படி நேர்ந்தது? இதைப் புரிந்துகொள்ளக் கணிப்பொறி வேண்டா. கல்யாண வீட்டு மொய்ப் பலகை போதும்.

என் தந்தையாருக்குக் காய்ச்சல். கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. மாமாவிடம் உறையைக் கொடுத்து அனுப்புகிறார். மாமா தம்முடையதோடு, தெருவில் உள்ள நான்கு வீட்டு உறைகளையும் கொண்டுபோகிறார். மொய் எழுதுகிறவருக்கு முன்னால் நீள்வது மாமாவின் கை ஒன்றுதான். உறையின் மேல் பெயர் எழுதியிருந்தால் அவரவர் பெயரில் வரவு ஏறும். உறைகள் வெறுமையாக இருந்து, எழுதுகிறவர் தலை நிமிர்ந்து, "கொண்டு வந்தது யாரப்பா?" என்று கேட்டு எழுதினால், ஐந்து வீட்டு மொய்யும் மாமாவின் பெயரிலேயே ஏறிவிடும். எழுதுகிறவர் பொய் எழுதவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் எழுதினார். கேள்விதான் தவறு.

அறிக்கை மென்பொருளிலும் இப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். நாம் உட்கார்ந்து யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைவது அறிக்கைச் சர்வரின் வாசலில். நாம் யார் என்பதை விசாரித்து உள்ளே விடுவது அதுவே. கணக்குகள் எல்லாம் கிடப்பதோ டேட்டாபேஸ் என்னும் களஞ்சியத்தில். அறிக்கைச் சர்வர் நமக்காக அங்கே போய் வேண்டியதை வாங்கி வந்து, தாளாக அடுக்கித் தருகிறது. போகும்போது நம் ஒவ்வொருவர் பெயரிலும் போவதில்லை. பெரும்பாலான இடங்களில், முன்கூட்டியே எழுதி வைத்த ஒரே ஒரு பொதுக் கணக்கின் பெயரில்தான் களஞ்சியத்துக்குள் நுழைகிறது. அதில் சௌகரியம் உண்டு. பதினொரு பேருக்கும் களஞ்சியத்தின் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே சாவி போதும்.

நான் வேலை பார்த்த இடத்தில் இருந்தவை மைக்ரோசாப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்னும் களஞ்சியமும், அதனோடு சேர்ந்த ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்னும் அறிக்கைச் சர்வரும் ஆகும். இந்த இரண்டாவது, 2004-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்தது. களஞ்சியத்திடம் 'எஸ்யூசர்_எஸ்நேம்' என்னும் ஏவலைக் கொடுத்தால், தன்னோடு அப்போது தொடர்பு கொண்டிருப்பவரின் பெயரைச் சொல்லும். நான் அதைத்தான் கேள்வியோடு சேர்த்து எழுதிவிட்டேன். அது கொண்டுவந்த கையின் பெயரைச் சொல்லிற்று. அந்தக் கையோ, பல ஆண்டுகளுக்கு முன்னே கணிப்பொறி வந்த புதிதில் அண்ணாச்சியின் பெயரில் உண்டாக்கிய கணக்கு. பொதுக் கணக்கென்று தனியே ஒன்று ஏற்படுத்தச் சோம்பல்பட்டு, யாரோ அதையே அறிக்கைச் சர்வருக்குச் சாவியாகக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அண்ணாச்சியின் மேசையில் நான் சோதித்தபோது விடை சரியாக வந்தது தற்செயல். நின்றுபோன கடிகாரமும் நாளில் இரண்டு முறை சரியான மணி காட்டும் அல்லவா?

கேட்க வேண்டிய இடம் வாசல். ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் அதற்கென்றே ஒரு சொல் உண்டு: 'யூசர்' என்று எழுதி, ஆச்சரியக்குறி இட்டு, 'யூசர்ஐடி' என்று எழுத வேண்டும். அறிக்கை அமைக்கும் திரையில் இடப்பக்கத்துப் பட்டியலில், பக்க எண், அச்சான நேரம் முதலிய ஆயத்தச் செய்திகளுக்கு நடுவே இதுவும் இருக்கிறது. இழுத்துத் தாளின் அடியில் விட்டால் போதும். இத்தனை எளிதானதை விட்டுவிட்டு நான் களஞ்சியத்தைக் கேட்கப் போனதற்கு, எஸ்க்யூஎல் தெரியும் என்ற என் கர்வத்தைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியவில்லை. வரும் விடை வெறும் பெயராக இராது. முதலில் அந்த ஆபீஸ் கணிப்பொறி வலையின் பெயர், பின்பு ஒரு பின்சாய்கோடு, பின்பு ஆளின் யூசர்நேம் என்று சேர்ந்து வரும். சாய்கோட்டுக்குப் பின் உள்ளதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

களஞ்சியத்துக்கும் பெயர் தெரிய வேண்டிய சந்தர்ப்பம் உண்டு. இந்த ஆள் கேட்டால் இவருடைய ஊர்ப் பாக்கியை மட்டும் காட்டு என்று வரையறை செய்ய வேண்டுமானால், பெயரை உறையின் மேல் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அதாவது வாசலில் கிடைத்த யூசர்ஐடியைக் கேள்விக்கு ஒரு பாராமீட்டராகக் கொடுத்துவிட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பாராமீட்டரை அறிக்கையின் பாராமீட்டராக வைத்து, 'மறைத்து வை' என்று மட்டும் குறித்துவிட்டால் அது திரையில் தெரியாதே ஒழிய, விவரம் தெரிந்தவர் முகவரி வரியில் வேறொருவர் பெயரைத் தட்டிக் கொடுத்து அதை மாற்றிவிடலாம். உறையின் மேல் வந்தவரே தமக்கு வேண்டிய பெயரை எழுதிக்கொள்வது போன்றது அது. ஆகவே 'உள்ளுக்குள் மட்டும்' என்னும் பொருளுள்ள 'இன்டர்னல்' வகையாகக் குறிக்க வேண்டும். அல்லது அறிக்கையின் பாராமீட்டரே இல்லாமல், கேள்வியின் பாராமீட்டருக்கு யூசர்ஐடியை நேரே கொடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே களஞ்சியம் வரை போகும்படி செய்யவும் வழி உண்டு. அறிக்கைச் சர்வர் ஒரு கணிப்பொறியிலும் களஞ்சியம் வேறொன்றிலும் இருந்தால், ஒருவர் அடையாளத்தை இன்னொருவர் சுமந்துபோகக் கெர்பரோஸ் என்னும் ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் பல்கலைக்கழகத்தில் 1980-களில் பிறந்தது அது. கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அதை அமைக்க முயன்ற பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெயர்ப் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள்.

கணிப்பொறி பெயர் கேட்கும் வழக்கமும் அதே எம்.ஐ.டி.யோடு தொடர்புடையது. ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பை, பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவினரும் 1961-இல் செய்துகாட்டினர். பலர் வந்ததனால்தான் "நீ யார்?" என்று கேட்க வேண்டியதாயிற்று, பாஸ்வேர்டும் வந்தது. அடுத்த ஆண்டே, தமக்கு அளந்துகொடுத்த கணிப்பொறி நேரம் ஆராய்ச்சிக்குப் போதவில்லை என்று ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர் பாஸ்வேர்டுகள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்து, மற்றவர் பெயரில் நுழைந்து வேலை செய்தார். மாணவர் புத்தி எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

மற்ற மென்பொருள்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸின் வெப் இன்டெலிஜென்ஸில் 'கரண்ட்யூசர்'. டேப்லோவில் 'யூசர்நேம்' நுழைவுப் பெயரையும், 'புல்நேம்' முழுப் பெயரையும் தரும். ஜாஸ்பர்ரிப்போர்ட்ஸ் சர்வரில் 'லாக்ட்இன்யூசர்நேம்' என்னும் பாராமீட்டர் ஆயத்தமாக இருக்கிறது. சொல் வேறு, வாசலைக் கேட்பது ஒன்றே.

இப்போது பல ஆபீஸ்களில் வந்திருக்கும் பவர் பிஐ பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அதில் 'யூசர்நேம்', 'யூசர்பிரின்சிபல்நேம்' என இரண்டு உண்டு. முதலாவது, நம் மேசைக் கணிப்பொறியில் இருக்கும்போது சாய்கோடு போட்ட பெயரைத் தரும். அறிக்கையை இணையத்தில் ஏற்றிய பின்போ மின்னஞ்சல் முகவரி போன்ற பெயரைத் தரும். மேசையில் சரியாக வந்தது ஏற்றிய பின் வரவில்லையே என்று தலையைச் சொறிகிறவர்கள் பலர். இரண்டாவதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும். இந்த இரண்டையும் அறிக்கையைப் பார்க்கும் நேரத்தில் கணக்கிடும் 'மெஷர்' என்னும் அளவையில் வைக்கலாம். தரவைப் புதுப்பிக்கும்போதே கணக்கிட்டு முடிக்கும் பத்தியில் வைக்க முடியாது. காரணம் வெளிப்படை: புதுப்பிக்கும் நேரத்தில் பார்க்கிறவர் யாருமே இல்லை.

பவர் பிஐயில் இன்னொரு வேடிக்கை. அவரவர் வரிகளை மட்டும் காட்டும் கட்டுப்பாட்டை அமைத்துவிட்டு, அமைத்தவரே திறந்து பார்த்தால் எல்லா வரிகளும் தெரியும். அந்தப் பணியிடத்தில் திருத்தும் உரிமை உள்ளவர்களை அந்தக் கட்டுப்பாடு தடுப்பதில்லை. பார்க்கும் உரிமை மட்டும் உள்ளவர்களுக்கே அது பொருந்தும். ஆகையால் சோதனையைப் பிறர் கண்ணால் செய்ய வேண்டும். நான் அண்ணாச்சியின் மேசையோடு நின்றதும் இதே வகைப் பிழைதான்.

காலை 6 மணிக்குத் தானாகவே ஓடி மின்னஞ்சலில் போய்ச் சேரும் அறிக்கைகளும் உண்டு. அந்நேரம் எந்த மேசையிலும் ஆள் இல்லை. அப்போது "யார்?" என்று கேட்டால் வருவது பெறுகிறவரின் பெயர் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் பெயர் போடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

பெயர் என்று சொல்லும்போது, நம்மவர்க்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நாம் தலைப்பெழுத்தை முன்னே போடுகிறோம். இங்குள்ள மலையாள நண்பர்களிற் பலர் பின்னே போடுகிறார்கள். படிவங்களோ 'கடைசிப் பெயர்' என்று ஒன்று கேட்டு, நம் தந்தையாரை நம் பெயருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஒரே ஆள் சம்பளப் பட்டியலில் ஒரு விதமாகவும், நுழைவுக் கணக்கில் வேறு விதமாகவும் இருப்பார். கரமனைத் தெருக்களில் சுப்பிரமணியன் என்று கூப்பிட்டால் எத்தனை கதவு திறக்கும் என்று சொல்ல வேண்டுமா? ஆகவே அழகான முழுப் பெயரைக் கொண்டு ஒருவரை மற்றொரு பட்டியலோடு பொருத்தவே கூடாது. மாறாத நுழைவுப் பெயரையோ ஊழியர் எண்ணையோ கொண்டு பொருத்திவிட்டு, முழுப் பெயரைக் கடைசியில் அச்சுக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வாசலையே கேட்டோம். சரியான பெயரும் வந்தது. அது அந்த மனிதர்தான் என்று சத்தியம் செய்யலாமா? நம் ஊரிலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். கரமனையிலிருந்து அதிக தூரத்தில் இல்லாத வஞ்சியூரில் ஒரு சப் டிரஷரி இருக்கிறது. மாவட்டக் கலெக்டரின் கணக்கிலிருந்து சுமார் 2 கோடி ரூபாய் அங்கே கையாடப்பட்டதாக 2020 ஆகஸ்டில் செய்தித்தாள்களில் வந்தது. அங்கு வேலை பார்த்த ஊழியர் ஒருவர், அந்த ஆண்டு மே மாத இறுதியில் ஓய்வு பெற்ற அதிகாரியின் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் கொண்டு நுழைந்து இதைச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நுழைவுக் கணக்கு ஓய்வு பெறவில்லை. அங்கே மென்பொருள் யாரை உள்ளே விட்டது? அந்தப் பெயரையும் அதற்குரிய பாஸ்வேர்டையும் கொடுத்தவரை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. 'யூசர்ஐடி' என்னும் சொல் நமக்குத் தருவதும் இவ்வளவே: இன்ன கணக்கு திறந்திருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. இதை முதலாளிமார்களுக்குச் சொல்லிவிட வேண்டியது அறிக்கை எழுதுகிறவரின் கடமை. சொல்லாவிட்டால் அவர்கள் அச்சைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

அண்ணாச்சியின் கதைக்கு வருகிறேன். ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் தன் போக்கில் ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கிறது: எந்த அறிக்கையை, எந்தக் கணக்கில், எந்த நேரத்தில் திறந்தார்கள் என்று. 'எக்ஸிக்யூஷன் லாக்' என்று அதற்குப் பெயர். நாம் மாற்றாவிட்டால் 60 நாள் வரை வைத்திருந்து, பழையதை அழிக்கும். வாசலில் எழுதும் குறிப்பாகையால் இதில் உண்மையான நுழைவுப் பெயர்கள் இருக்கும். அகப்பட்ட தாளின் தலையில் இருந்த பாக்கித் தேதியை வைத்துத் தேடினேன். அன்றைக்கு அந்த அறிக்கையைத் திறந்த கணக்குகள் நான்கு. அண்ணாச்சியின் கணக்கு அவற்றில் இல்லை.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே அண்ணாச்சியின் வீட்டுக்கு வண்டியை விட்டார். அங்கே இருவரும் பேசியதை நான் எழுதப் போவதில்லை. அண்ணாச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த மிசினுக்கு என் பேரு மட்டுந்தானா தெரியும், தம்பி?"

மறுநாள் சாவியை மாற்றினோம். அறிக்கைச் சர்வருக்கென்று யாருடைய பெயரும் இல்லாத ஒரு தனிக் கணக்கை உண்டாக்கினேன்; பார்க்க மட்டும் உரிமை, மாற்ற உரிமை இல்லை. தாளின் அடியில் 'தயாரித்தவர்' போய், 'திறந்த கணக்கு' என்றும், பக்கத்தில் நாளும் மணியும் வந்தன. நேரத்தை முன்னமே போட்டிருந்தால் அந்த நான்கில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கலாம். இந்த முறை பதினொரு மேசையிலும் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணாச்சி இப்போது தேநீர் குடிக்கப் போனாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். தாளைக் கொண்டுபோனவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.